பாரம் தரையை விட்டு எழுமுன்

கட்டுமானத் தளத்தில் கிரேனால் நேரும் விபத்துகள் பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்கும். கிரேன் கவிழ்வது, பூம் எனும் நீண்ட கை மடங்கி முறிவது, கட்டு அறுந்தோ நழுவியோ பாரம் விழுவது, மின்கம்பியைத் தொடுவது, நகரும் வண்டிக்கு அடியிலோ பின்னால் சுழலும் எதிரெடையான கவுண்டர் வெயிட்டுக்கும் சுவருக்கும் இடையிலோ ஆள் சிக்குவது. முதல் நான்கும் நாளிதழில் படத்தோடு வரும். ஐந்தாவது நான்கு வரிச் செய்தியாக முடிந்துவிடும். ஆனால் பாரத்தைக் கட்டும் ரிக்கருக்கும் உதவியாளருக்கும் அன்றாடம் கையெட்டும் தூரத்தில் நிற்கும் ஆபத்து அதுதான்.

இவற்றுக்கான காரணம் தூக்கும் நொடியில் பிறப்பது அரிது. கிரேன் நிற்கும் இடத்தில் மண் சென்ற மாதமே தோண்டி மூடப்பட்டிருக்கும். பெல்ட்டின் ஓரம் போன வாரமே கிழிந்திருக்கும். பாரத்தின் எடையை யாரோ குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார். எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கிறதென்று அதன் இணைப்பை யாரோ கழற்றியிருப்பார். பாரம் எழும்போது இவை ஒன்றுகூடுகின்றன, அவ்வளவே. ஆகவே பாதுகாப்பாகத் தூக்குவதன் பெரும்பகுதி கொக்கியில் பாரத்தை மாட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை.

எடையும் ரேடியஸும்

50 டன் கிரேன் என்றால் அது எங்கும் எப்போதும் 50 டன் தூக்கும் என்ற நம்பிக்கை பல தளங்களில் இருக்கிறது. பூமை முழுவதும் உள்ளிழுத்து, அவுட்ரிகர் எனும் தாங்குகால்களை முழு நீளத்துக்கு விரித்து, பாரத்தை வண்டியை ஒட்டினாற்போல் ஏறத்தாழ 3 மீட்டர் தூரத்தில் வைத்துத் தூக்கினால் மட்டுமே பொருந்தும் எண் அது. 20 மீட்டர் தள்ளிப் போனால் அதே வண்டி சில டன்களுக்கு மேல் தாங்காது.

கிரேன் ஒரு துலாக்கோல். ஒரு பக்கம் பூமும் பாரமும், மறு பக்கம் வண்டியின் எடையும் கவுண்டர் வெயிட்டும், நடுவில் முள்ளாக அவுட்ரிகர் கோடு. பாரத்தைக் கூட்டினாலும் தூரத்தைக் கூட்டினாலும் தட்டு ஒரே திசையில்தான் சாயும். 5 டன் பாரம் 6 மீட்டரில் தொங்கினால் அதன் திருப்புவிசை 30 டன்-மீட்டர். அதே பாரம் 12 மீட்டருக்குப் போனால் 60. கிரேன் சுழலும் மையத்திலிருந்து கொக்கி தொங்கும் இடம் வரையுள்ள கிடைத்தூரத்தையே ரேடியஸ் என்கிறார்கள். வண்டியின் முன்பக்கத்திலிருந்தோ அவுட்ரிகரிலிருந்தோ அதை அளப்பது பரவலாக நடக்கும் தவறு. டேப் பிடித்து அளக்க வேண்டும். பாரம் ஏறியதும் பூம் முன்னோக்கி வளையும், ரேடியஸ் இன்னும் கொஞ்சம் நீளும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு கிரேனிலும் அதற்கே உரிய லோடு சார்ட் இருக்க வேண்டும். பூம் நீளம், ரேடியஸ், அவுட்ரிகர் விரிப்பு ஆகியவற்றுக்கு ஏற்ப எத்தனை டன் தூக்கலாம் என்பதை அது சொல்லும். அதில் உள்ள எண்ணை அப்படியே பாரத்தின் எடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொக்கியும் அதன் பிளாக்கும், பாரத்தைக் கட்டும் ஸ்லிங்குகள், அவற்றை இணைக்கும் ஷாக்கிள் வளையங்கள், அவற்றை விரித்துப் பிடிக்கும் ஸ்பிரெடர் பீம் எல்லாமே பாரத்தில் சேர்ந்தவை. சார்ட் 14 மீட்டரில் 6 டன் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கொக்கி பிளாக் 450 கிலோ, ஸ்பிரெடர் பீம் 300 கிலோ, ஸ்லிங்கும் ஷாக்கிளும் 150 கிலோ என்றால் 900 கிலோ கழிகிறது. மீதி 5.1 டன். பாரம் ஊசலாடும், காற்று வீசும், எடைக் கணக்கில் பிழை இருக்கும் என்பதால் அனுபவமுள்ள தளப் பொறியாளர்கள் இந்த மீதியையும் முழுதாகத் தொடுவதில்லை. சார்ட் அளவில் முக்கால் பங்கைத் தாண்டும் எந்தத் தூக்குதலையும் தனி வரைதிட்டமும் தனி ஒப்புதலும் தேவைப்படும் இடர்மிகு தூக்குதலாகக் கொள்வது பல நிறுவனங்களின் நடைமுறை.

லோடு சார்ட்டை நடுவில் ஒரு தடித்த கோடு பிரிப்பது உண்டு. ஒரு பகுதியில் கிரேன் கவிழ்வதே எல்லை. மற்ற பகுதியில் பூமின் வலிமையே எல்லை. “பின்பக்கம் லேசாகத் தூக்கினால் தெரிந்துவிடும், உடனே இறக்கிவிடலாம்” என்று சில ஆபரேட்டர்கள் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பது இங்கே விளங்கும். ரேடியஸ் குறைவாக இருக்கும்போது வண்டி அசையவே அசையாது, அதற்கு முன்பே பூம் முறிந்துவிடும். பின்சக்கரம் தரையை விடுவதை எச்சரிக்கையாக நம்பி வேலை செய்பவருக்கு அந்த எச்சரிக்கை வராமலே போகலாம்.

பாரத்தின் எடை தெரியாமல் தூக்கக் கூடாது. தெரிந்துகொள்வது கடினமும் அல்ல. கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 டன், எஃகு 7.85 டன், தண்ணீர் 1 டன். 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் தடிமன் உள்ள வார்ப்புப் பலகம் 1.6 கனமீட்டர், அதாவது 4 டன். 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் அளவில் 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு 700 கிலோவைத் தாண்டும். அச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும் பலகமும், மண்ணுக்குள் இறங்கிய பைல் குழாயும், சேற்றில் பதிந்த இயந்திரமும் வேறு கதை. அவற்றைப் பிடுங்கத் தேவைப்படும் விசைக்கும் அவற்றின் எடைக்கும் தொடர்பே இல்லை. முதலில் ஹைட்ராலிக் ஜாக்கி கொண்டு அவற்றை விடுவித்த பிறகே கிரேன் தொட வேண்டும்.

காலடி நிலம்

கவிழ்ந்த கிரேன்களில் பல, பாரத்தைத் தூக்க வலுவில்லாமல் கவிழ்ந்தவை அல்ல. ஒரு கால் மண்ணுக்குள் இறங்கியதால் கவிழ்ந்தவை. கணக்கு எளியது. 38 டன் எடையுள்ள கிரேன் 10 டன் பாரத்தைத் தூக்குகிறது. மொத்தம் 48 டன். பூம் ஓர் அவுட்ரிகருக்கு நேர் மேலே வரும்போது மொத்த எடையில் முக்கால் பங்கு வரை அந்த ஒரே காலில் இறங்கக்கூடும், அதாவது 36 டன். காலின் அடித்தட்டு 60 சென்டிமீட்டர் சதுரம் என்றால் 0.36 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 டன் அழுத்தம் மண்ணில் விழுகிறது. இறுகாத களிமண் 10 டன்னைக் கூடத் தாங்காது. அதே காலுக்கு அடியில் 1.5 மீட்டர் சதுரத்தில் உறுதியான மெத்தை போட்டால் அழுத்தம் 16 டன்னாக இறங்குகிறது. களிமண்ணுக்கு அதுவும் அதிகம். இன்னும் பெரிய மெத்தை வேண்டும், அல்லது ஜல்லி போட்டு இறுக்கிய மேடை வேண்டும்.

மெத்தை என்றால் விறைப்பானதாக இருக்க வேண்டும். பழைய ஷட்டரிங் பலகையும் மெல்லிய தகடும் காலின் அடியில் வளைந்து கொடுக்கும். பரப்பு பெரிதாகத் தெரிந்தாலும் நடுப்பகுதி மட்டுமே எடையைச் சுமக்கும். தடித்த மரக்கட்டைகளை நெருக்கி அடுக்கிப் போல்ட்டால் பிணைத்த மெத்தையோ, இதற்கென்றே செய்த தடித்த எஃகு மெத்தையோதான் எடையைப் பரப்பும்.

தமிழ்நாட்டில் மண்ணைப் பற்றித் தனியாகவே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரக் கரிசல் மண் கோடையில் பாறைபோல் இறுகி வெடித்துக் கிடக்கும், ஒரு மழை பெய்தால் குழைந்துவிடும். காலையில் தாங்கிய இடம் மாலையில் தாங்காது. சென்னைப் புறநகரில் ஏரிப் படுகையை மேடாக்கி உருவான மனைகளில் மேலே இரண்டடி செம்மண்ணும் அடியில் சேறும் இருப்பது சாதாரணம். செப்டிக் டேங்க், மழைநீர் வடிகால், கேபிளுக்காகத் தோண்டி மூடிய பள்ளம் ஆகியவை மேலிருந்து பார்த்தால் தெரியாது. கிரேன் வருவதற்கு முன் தளத்தின் பழைய வரைபடத்தைப் பார்ப்பதும், உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்பதும், கடப்பாரை கொண்டு குத்திப் பார்ப்பதும் செலவில்லாத ஆய்வுகள். திறந்த பள்ளத்தின் ஓரத்தில் நிற்க நேர்ந்தால், பள்ளத்தின் ஆழத்துக்குக் குறையாத தூரம் தள்ளியே அவுட்ரிகர் நிற்க வேண்டும். மண் இளகியிருந்தால் அதில் ஒன்றரை மடங்கு, இரு மடங்கு.

2023 ஜனவரி 22 இரவு இராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கோயில் திருவிழாவில் சாமிக்கு மாலை அணிவிக்கப் பயன்படுத்திய கிரேன் கூட்டத்தின் மீது சாய்ந்து உயிர்கள் பலியாயின. அது கட்டுமானத் தளம் அல்ல. ஆனால் மேடுபள்ளமான நிலத்தில் கிரேனை நிறுத்துவதும், கொக்கியில் ஆட்களைத் தொங்கவிடுவதும், அடியில் மக்களை நிற்கவிடுவதும் எங்கே நடந்தாலும் ஒரே விலையைத்தான் கேட்கும்.

நிலம் தாங்கினாலும் கிரேன் மட்டமாக நிற்க வேண்டும். பெரும்பாலான லோடு சார்ட்டுகள் ஒரு விழுக்காட்டுக்குள் மட்டமாக நிற்கும் கிரேனுக்கே எழுதப்பட்டவை. 6 மீட்டர் இடைவெளியுள்ள கால்களுக்கு நடுவே 6 சென்டிமீட்டர் வித்தியாசம்தான் அதன் எல்லை. 30 மீட்டர் பூமை உயர்த்தி நிற்கும் வண்டி 3 பாகை சாய்ந்தால் பூமின் நுனி ஒன்றரை மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகும். பக்கவாட்டு விசையைத் தாங்குவதற்காகப் பூம் வடிவமைக்கப்படுவதில்லை. ரசமட்டம் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். தூக்கும் வேலை நீண்டால் நடுநடுவே மீண்டும் பார்க்க வேண்டும்.

கட்டுதல்

இரண்டு ஸ்லிங்கில் 2 டன் பாரத்தைக் கட்டினால் ஒவ்வொன்றிலும் 1 டன் என்று எண்ணுவது, ஸ்லிங்குகள் நேர்செங்குத்தாக நின்றால் மட்டுமே சரி. தரைமட்டத்தோடு ஸ்லிங் செய்யும் கோணம் 60 பாகை ஆகும்போது ஒவ்வொன்றிலும் 1.15 டன். 45 பாகையில் 1.41 டன். 30 பாகையில் 2 டன். பாரம் கூடவில்லை, கட்டும் கோணம் தாழ்ந்தது, அதுவே இழுவிசையை இரட்டிப்பாக்கிவிட்டது. 30 பாகைக்குக் கீழே கட்டவே கூடாது. நீளமான ஸ்லிங்கோ ஸ்பிரெடர் பீமோ தேட வேண்டும். சுருக்குப் போட்டுக் கட்டினால் நேராகத் தொங்கும்போது உள்ள திறனில் நாலில் ஒரு பங்கு வரை குறையும்.

தளங்களில் பெல்ட் என்று அழைக்கப்படும் பாலியஸ்டர் ஸ்லிங்குகளுக்கு நிறக்குறி உண்டு. ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. நிறத்தைப் பார்த்து எடுக்கலாம், ஆனால் அதில் தைத்துள்ள சீட்டைப் படித்த பிறகே கட்ட வேண்டும். சீட்டு போன பெல்ட்டை ஒதுக்கிவிட வேண்டும். வெயிலில் வெளுத்ததும், ஓரம் வெட்டுப்பட்டதும், தையல் பிரிந்ததும் அப்படியே. பெல்ட்டின் முதல் எதிரி கூர்மையான விளிம்பு. நியூயார்க்கில் 2008 மார்ச் 15 அன்று டவர் கிரேனைக் கட்டடத்தோடு பிணைக்கும் ஏறத்தாழ 5 டன் எடையுள்ள எஃகு வளையத்தைப் பாலியஸ்டர் பெல்ட்டுகளில் தொங்கவிட்டுப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். எஃகு விளிம்பில் மெத்தை வைக்கப்படவில்லை. பெல்ட் அறுந்து வளையம் கீழே சரிந்தது. அதற்கடியிலிருந்த பிணைப்பையும் அடித்துச் சென்றது. பிடிமானம் இழந்த கிரேன் தெருவைத் தாண்டி எதிர்க் கட்டடங்களின் மீது விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். விளிம்பில் வைக்க ஒரு ரப்பர் துண்டோ, பிளந்த குழாயோ இல்லாத கட்டு எதுவும் முழுமையான கட்டல்ல.

வயர் ரோப்பை வெறுங்கையால் தடவக் கூடாது. துணியைச் சுற்றிப் பிடித்து இழுத்தால் உடைந்த இழை துணியில் மாட்டும். ஒரு புரி கயிற்றை ஒருமுறை முழுதாகச் சுற்றிவரும் நீளத்துக்குள் அங்கங்கே 6 இழைகளோ, ஒரே புரியில் 3 இழைகளோ அறுந்திருந்தால் கிரேனில் ஓடும் ரோப்பை மாற்றியாக வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. நசுங்கல், கூண்டுபோல் விரிதல், முறுக்கு மடிப்பு இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஷாக்கிளின் பின்னுக்குப் பதிலாகக் கம்பித்துண்டைச் செருகுவதும், கொக்கியின் பூட்டு உடைந்தால் பைண்டிங் கம்பி சுற்றிவிடுவதும் தளங்களில் காணக்கூடியவை. இரண்டுமே அன்றைக்கே நிறுத்தப்பட வேண்டியவை.

முறுக்குக் கம்பிக் கட்டுகளைப் பற்றி ஒரு சொல். உற்பத்திச் சாலையில் கட்டிய கம்பியிலேயே கொக்கியை மாட்டித் தூக்கினால், அது அறுந்து நூற்றுக்கணக்கான கம்பிகள் ஈட்டிகளாக இறங்கும். இரண்டு இடங்களில் ஸ்லிங்கை இருமுறை சுற்றிக் கட்டியே தூக்க வேண்டும். செங்கல், ஷட்டரிங் கிளாம்ப், ஸ்பானர் போன்ற சிறுபொருள்களைப் பக்கச்சுவர் உள்ள கூண்டில் மட்டுமே ஏற்ற வேண்டும்.

பாரத்தை முழுதாக உயர்த்தும் முன் ஒரு சாண் உயரத்தில் நிறுத்திப் பார்க்கும் பழக்கத்துக்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை. சாய்கிறதா, கட்டு நழுவுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, அவுட்ரிகர் இறங்குகிறதா, எடை காட்டும் கருவி கணக்கோடு ஒத்துப்போகிறதா என்பதையெல்லாம் அந்த அரை நிமிடம் காட்டிவிடும். பிழை இருந்தால் பாரம் ஒரு சாண் உயரத்திலிருந்துதான் விழும்.

ஹைட்ரா

இந்தியத் தளங்களில் மிக அதிகமாகப் பார்க்கப்படுவதும் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் ஹைட்ரா. பாரத்தைத் தூக்கியபடியே நகரும் இந்த வண்டி 12 முதல் 15 டன் வரையிலான திறன் பெயரோடு விற்கப்படுகிறது. கூப்பிட்டவுடன் வரும், சந்து பொந்தில் நுழையும், வாடகை குறைவு. அதன் ஆபத்தும் இந்த வசதிக்குள்ளேயே இருக்கிறது.

பழைய ஹைட்ராவில் ஆபரேட்டர் பின்னால் உட்கார்ந்திருப்பார். முன்னால் பூமும் தொங்கும் பாரமும் பார்வையை மறைக்கும். பாரம் ஆடாமலிருக்க ஒரு ரிக்கர் கையால் பிடித்துக்கொண்டு முன்னால் பின்புறமாக நடப்பார். அவர் தடுக்கி விழுந்தால் ஆபரேட்டருக்குத் தெரியாது. சக்கரம் ஏறிய பிறகுதான் தெரியும். இதனாலேயே பெரிய ஒப்பந்த நிறுவனங்கள் பல, பழைய அமைப்பு ஹைட்ராவைத் தங்கள் தளங்களில் தடைசெய்து, கேபின் முன்னால் உள்ள வண்டியை மட்டுமே அனுமதிக்கின்றன. எந்த வண்டியானாலும் பாரத்தைக் கையால் பிடித்து நடப்பதை ஒழிக்க வேண்டும். நீளமான டேக் லைன் கயிற்றை இரு பக்கமும் கட்டி, ரிக்கர்கள் சக்கரப் பாதைக்கு வெளியே, ஆபரேட்டரின் கண்ணில் படும்படி நடக்க வேண்டும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது.

ஹைட்ராவின் உடல் நடுவில் மடிந்து திரும்புகிறது. நேராக நிற்கும்போது உள்ள திறன் திரும்பிய நிலையில் இல்லை. திருப்பக் கோணம் கூடக் கூடக் கவிழும் கோடு பாரத்துக்கு அருகில் வந்துவிடும். பள்ளமான பாதை, காற்று குறைந்த டயர், சரிவு ஆகியவை இதை மேலும் மோசமாக்கும். பாரத்தோடு நகரும்போது பூமைச் சுருக்கி, பாரத்தைத் தரைக்கு அருகில் தாழ்த்தி, நடைவேகத்தில், முன்கூட்டியே சீர்செய்த பாதையில் மட்டுமே போக வேண்டும். நீண்ட தூரத்துக்கு ஹைட்ராவில் தூக்கிச் செல்லாமல் டிரெய்லரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போவதே முறை. ஆள் ஏறி நிற்க ஹைட்ரா கொக்கியைப் பயன்படுத்துவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

காற்று

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் 6 கிலோவுக்குச் சற்று மேல் தள்ளும். 72 கிலோமீட்டரில் 25 கிலோ. 12 சதுர மீட்டர் ஷட்டரிங் பலகம் ஒன்றைத் தூக்கும்போது பக்கவாட்டில் 75 கிலோவாக இருந்த தள்ளல் 300 கிலோவாகிவிடுகிறது. டேக் லைனைப் பிடித்திருக்கும் இருவரால் அதைச் சமாளிக்க முடியாது.

கிரேன் உற்பத்தியாளர் தரும் காற்று வரம்பு வழக்கமான பாரத்துக்கானது. அகலமான தகடு, பலகம், கூரைத் துண்டு ஆகியவற்றுக்கு வரம்பைக் குறைக்க வேண்டும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1999 ஜூலை 14 அன்று விளையாட்டரங்கத்தின் கூரைப் பகுதி ஒன்றைத் தூக்கிய மாபெரும் கிரேன் சரிந்தது. 400 டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தக் கூரைத் துண்டின் விரிந்த பரப்பில் காற்று ஏற்படுத்தும் விசை சரியாகக் கணக்கில் எடுக்கப்படவில்லை. அருகில் வேறொரு கிரேனின் கூடையில் நின்ற 3 எஃகுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2015 செப்டம்பர் 11 அன்று மெக்காவில் புயற்காற்றில் விழுந்த கிரேன் பாரத்தைத் தூக்கிக்கொண்டிருக்கவே இல்லை. நீண்ட பூமைத் தாழ்த்தாமல் உயர்த்தியே விட்டிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேலை முடிந்த பிறகும் கிரேன் காற்றுக்கு இலக்காகவே நிற்கிறது என்பதைத் தளப் பொறுப்பாளர் மறக்கக் கூடாது.

டவர் கிரேனுக்கு முறை வேறு. வேலை நிறுத்தும்போது அதன் சுழல் பிரேக்கை விடுவித்து, காற்றின் திசைக்கேற்பத் தானே திரும்பிக்கொள்ள விட வேண்டும். புயல் நாளில் உயரமான கட்டடத்தின் மேல் கிரேன் தானாகச் சுழல்வதைப் பார்த்து மக்கள் பதறுவது இயல்பு. சுழலும் கிரேன் காற்றுக்குக் குறைந்த பரப்பைக் காட்டுகிறது; இறுக்கிக் கட்டிய கிரேன்தான் ஒடியும். பிரேக்கை விடுவித்தாலும், ஜிப் எனும் கிடைக்கை முழு வட்டம் சுழலும்போது பக்கத்துக் கட்டடத்திலோ இன்னொரு கிரேனிலோ இடிக்காத இடைவெளி உள்ளதா என்பதை நிறுவும் நாளிலேயே பார்த்திருக்க வேண்டும்.

டவர் கிரேனின் மிக ஆபத்தான நாள்கள் நிறுவும் நாளும், உயரம் கூட்டும் நாளும், கழற்றும் நாளும். சியாட்டில் நகரில் 2019 ஏப்ரல் 27 அன்று கழற்றிக்கொண்டிருந்த டவர் கிரேன் காற்றில் விழுந்து 4 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் கீழே தெருவில் காரில் இருந்தவர்கள். நேரத்தைச் சேமிக்கக் கோபுரத் துண்டுகளை இணைக்கும் பின்களை முன்கூட்டியே கழற்றியிருந்தார்கள். உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள வரிசையை ஒரு படிகூட மாற்றாமல், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் உடனிருந்து நடத்த வேண்டிய வேலை இது.

மின்கம்பி

பூம் மின்கம்பியைத் தொட வேண்டுமென்பதில்லை; உயர் அழுத்தக் கம்பிக்கு மிக நெருங்கினாலே மின்சாரம் தாவும். திட்டமிடும்போதே பூம், பாரம், ரோப் எதுவும் எந்த நிலையிலும் 6 மீட்டருக்குள் வராதபடி பார்த்துக்கொள்வது நல்ல தொடக்கம்; அழுத்தம் மிக அதிகமான கோபுரக் கம்பிகளுக்கு இது போதாது. அதற்குள் வேலை செய்தாக வேண்டுமென்றால் மின்வாரியத்திடம் எழுத்து மூலம் லைன் கிளியர் பெற்று, கம்பியை எர்த் செய்த பிறகே தொடங்க வேண்டும். “லைன் ஆஃப் ஆகிவிட்டது” என்று போனில் வரும் வாய்மொழியை நம்பி ஓர் உயிரையும் பணயம் வைக்கக் கூடாது.

பூம் கம்பியில் பட்டுவிட்டால் ஆபரேட்டர் கேபினிலேயே இருக்க வேண்டும். முடிந்தால் பூமை விலக்க வேண்டும். வெளியே நிற்பவர்கள் வண்டியையோ ஸ்லிங்கையோ தொடாமல் குறைந்தது 10 மீட்டர் விலக வேண்டும். தீப்பிடித்து இறங்கியே தீர வேண்டுமென்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரு காலும் சேரக் குதித்து, கால்களை அகட்டாமல் தேய்த்தபடி நகர வேண்டும். இதை ஆபரேட்டருக்கு வேலை தொடங்கும் முன்பே செய்து காட்டியிருக்க வேண்டும்.

ஆட்கள்

கனரக வாகன உரிமம் சாலையில் ஓட்டத் தகுதி தருகிறது. பாரம் தூக்கத் தகுதி தருவதில்லை. ஆபரேட்டருக்கு அந்தக் குறிப்பிட்ட கிரேனில் பயிற்சியும், லோடு சார்ட்டைப் படிக்கும் திறனும், கண்பார்வைச் சான்றும் வேண்டும். ஆபரேட்டர் சாப்பிடப் போன நேரத்தில் ஹெல்பர் லீவரைப் பிடிப்பதை எந்தத் தளமும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. சாவி ஆபரேட்டரின் பையில் இருக்க வேண்டும்.

ஒரு தூக்குதலுக்கு ஒரே சிக்னல்மேன். இருவர் கை காட்டினால் ஆபரேட்டர் எதையும் செய்யக் கூடாது. ஆனால் நிறுத்து என்ற சைகையை யார் காட்டினாலும், நேற்று வேலைக்கு வந்த சித்தாள் காட்டினாலும், உடனே நிறுத்த வேண்டும். வாக்கிடாக்கியில் பேசினால் அந்தக் கிரேனுக்கென்று தனிச் சேனல் வேண்டும். பேச்சு நின்றால் பாரமும் நிற்க வேண்டும். தமிழ்நாட்டுத் தளங்களில் ஆபரேட்டர் தமிழர், ரிக்கர் ஜார்க்கண்டிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர், பொறியாளர் ஆந்திரர் என்பது அன்றாடக் காட்சி. எனவே வாய்ச்சொல்லை நம்பாமல் கைச்சைகைகளை எல்லோரும் ஒன்றாக நின்று பழகிக்கொள்ள வேண்டும். சைகைப் பலகை கேபினிலும் தளத்திலும் படமாக இருக்க வேண்டும்.

கிரேன்கள் பெரும்பாலும் ஆபரேட்டரோடு சேர்த்து வாடகைக்கு வருகின்றன. மணிக்கணக்கில் வாடகை ஓடுவதால், நிற்கும் கிரேனைப் பார்த்தால் மேஸ்திரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் பொறுக்காது. “ஒரே ஒரு தூக்குதான், முடித்துவிடு” என்ற சொல்லுக்குப் பணிந்து உயிரிழந்தவர்கள் ஏராளம். மறுக்கும் உரிமை ஆபரேட்டருக்கு உண்டு என்பதையும், மறுத்ததற்காக வாடகையோ சம்பளமோ பிடிக்கப்படாது என்பதையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதாத உரிமையை மாலை ஆறு மணிக்கு, மழை மேகத்தின் கீழ், யாரும் பயன்படுத்தத் துணியமாட்டார்கள்.

பாரம் செல்லும் பாதைக்கு அடியிலும், கவுண்டர் வெயிட் சுழலும் வட்டத்துக்குள்ளும் யாரும் இருக்கக் கூடாது. கயிறு கட்டி, பலகை வைத்து, ஓர் ஆளையும் நிறுத்தினால்தான் அது தடுப்பு ஆகும்.

சோதனையும் பதிவும்

கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996 சட்டத்தின் கீழ் வந்த 1998 மத்திய விதிகள், தூக்கும் இயந்திரங்களை முதன்முதலில் பயன்படுத்தும் முன்பும், வலிமையைப் பாதிக்கும் பழுதுபார்ப்புக்குப் பின்பும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதிபெற்ற ஆய்வாளரைக் கொண்டு பாரச் சோதனை செய்யச் சொல்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு ஆய்வும் வேண்டும். அந்தச் சட்டம் 2020 ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டுள்ளது. 20 டன் வரையுள்ள கிரேனுக்கு அதன் திறனைவிட 25 விழுக்காடு கூடுதல் பாரத்தை வைத்துச் சோதிப்பது வழக்கம்.

சோதனையே ஒரு தூக்குதல்தான், அதுவும் மிகக் கடினமானது. 2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் புதிய கிரேன் ஒன்றின் சோதனையின்போது அது சரிந்து 11 பேர் இறந்தார்கள். சோதனை நாளில் தேவையற்ற ஒருவரும் கிரேனின் மேலோ விழக்கூடிய வட்டத்துக்குள்ளோ இருக்கக் கூடாது.

சான்றிதழ் ஆண்டுக்கு ஒருமுறை; கண்ணால் பார்க்கும் சோதனை தினமும். காலையில் ஆபரேட்டர் ரோப், கொக்கி, பிரேக், ஆயில் கசிவு, டயர், கொக்கி பூமின் நுனியை இடிப்பதைத் தடுக்கும் லிமிட் சுவிட்ச், பாரம் காட்டும் கருவி ஆகியவற்றைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். லிமிட் சுவிட்சோ பாரம் காட்டும் கருவியோ வேலை செய்யாவிட்டால் அன்றைக்கு அந்தக் கிரேன் தூக்காது. இவற்றைச் செயலிழக்கச் செய்யும் பைபாஸ் சாவி ஆபரேட்டரிடம் இல்லாமல் பொறுப்பு அலுவலரிடம் பூட்டி வைக்கப்பட வேண்டும்.

கிரேன் அதிகப் பாரத்தால் அதிர்ந்திருந்தாலோ, பாரம் திடீரென அறுந்து பூம் பின்னோக்கி அடித்திருந்தாலோ, வெளியில் சேதம் தெரியாவிட்டாலும் தகுதிபெற்ற ஆய்வாளர் வெல்டிங் இணைப்புகளையும் பூமையும் பார்க்கும் வரை அதை ஓட்டக் கூடாது. அந்தத் தூக்குதலில் இருந்த பெல்ட்டுகளையும் ஷாக்கிள்களையும் ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. பெல்ட்டை இரண்டாக வெட்டி, ஷாக்கிளைக் கேஸ் கட்டரால் அறுத்து, பதிவேட்டில் எண்ணை அடித்த பிறகே கழிவில் போட வேண்டும். முழுதாகக் கழிவில் போட்ட பெல்ட் ஒரு வாரத்துக்குள் இன்னொரு கொக்கியில் தொங்கும்.